ரஷ்யர்களை வீட்டுக்குத் தேநீருக்கு அழைத்திருக்கிறேன், எப்படி நடத்துவது?

கயல்_மாஸ்கோ எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என் கணவருக்கு வேலை மாற்றலாகி மே மாதம் மாஸ்கோ வந்தோம். எங்கள் மாடியில் எதிர் வீட்டில் எழுபது வயது தாண்டிய ஒரு பாட்டி இருக்கிறார். லிஃப்டில் பார்த்தால் சிரித்துக்கொள்வோம், எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழிக்கு அவ்வளவுதான் முடிந்தது. போன ஞாயிறு அவரே கதவைத் தட்டி "சாய்க்கு வா" என்று கூப்பிட்டார். ஒரு டம்ளர் டீ, பத்து நிமிஷப் பேச்சு என்று நினைத்துக் கையை வீசிக்கொண்டு போனேன். மூன்றரை மணி நேரம் கழித்துத்தான் எழுந்து வந்தேன்.

மேசை நிறையத் தட்டுகள். ஒரு சின்னப் பீங்கான் டீபாட்டிலிருந்து கோப்பையில் கால்வாசிக்குக் கருகருவென்று ஊற்றினார், அதன்மேல் கெட்டிலிலிருந்து வெந்நீர். பால் கிடையாது. பக்கத்தில் ஒரு குட்டித் தட்டில் முழு செர்ரிப் பழங்கள் பாகில் மிதந்தன. அதை எடுத்து டீயில் போட்டுக் கலக்கினேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. பேத்தி மட்டும் என் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தவறு செய்கிறேன் என்று அப்போதே தோன்றியது.

இப்போது நான் திரும்ப அழைத்திருக்கிறேன். அடுத்த வாரம் விட்டு அதற்கடுத்த ஞாயிறு, சாயங்காலம் நாலு மணி. பாட்டி, அவர் மகள், பேத்தி, கீழ்வீட்டுத் தம்பதி, நாங்கள் இரண்டு பேர், ஆக ஏழு பேர். சமோவார் என்கிறார்களே, அந்த வெந்நீர்ப் பாத்திரம், அது வாங்க வேண்டுமா? என்னென்ன செய்து வைப்பது? அந்தக் கறுப்புச் சாற்றை எப்படிப் போடுவது? எப்போது எழுந்திருப்பார்கள்? தெரிந்தவர்கள் முதலிலிருந்து சொல்லுங்கள். அந்தப் பாட்டி எனக்குக் கொடுத்த மதிப்பை நானும் சரியாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

தூலா_மல்லிகா எழுதியது:

கயல், நல்ல இடத்தில் வந்து கேட்டீர்கள். நான் ரஷ்யாவில் தூலா நகரத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், மாமியார் ரஷ்யப் பெண்மணி. அவரிடம் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

அந்தக் கறுப்புச் சாற்றுக்கு ஸவார்க்கா என்று பெயர். நம்ம வீட்டு டிகாஷனை நினைத்துக்கொள்ளுங்கள், பாதி விஷயம் புரிந்துவிடும். டிகாஷனை இறக்கி வைத்துவிட்டு யார் யாருக்கு எவ்வளவு திக்காக வேண்டுமோ அப்படிக் கலந்து கொடுப்போமே, அதே வேலைதான். பாலுக்குப் பதில் வெந்நீர். இங்கே சாய் என்பது அடுக்களையில் கலந்து டிரேயில் கொண்டுவந்து நீட்டுகிற பண்டமில்லை. ஸவார்க்காவும் வெந்நீரும் மேசை மேலேயே இருக்கும். ஆளுக்கு ஆள் கேட்டு ஊற்ற வேண்டும்: "க்ரேப்கியா, ஸ்லாபியா?" அதாவது கடுப்பமா, லேசா. ஒருவர் பாதிக்கோப்பை ஸவார்க்கா கேட்பார், இன்னொருவர் அடியில் ஒரு விரற்கடை போதும் என்பார். ஆறாவது கோப்பை குடிப்பவரும் முதல் கோப்பையைப் பிடித்துக்கொண்டிருப்பவரும் ஒரே மேசையில் உட்கார முடிவது இதனால்தான். நீங்கள் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்ததற்கும் காரணம் இதுதான். அங்கே டீ தீரவே இல்லை.

போடுகிற விதம். அரை லிட்டர் பிடிக்கும் பீங்கான் பாட் எடுத்துக்கொள்ளுங்கள். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் கொட்டிவிடுங்கள், பாட் சூடாக இருக்க வேண்டும். ஐந்து தேக்கரண்டி இலை போடுங்கள். பெரிய இலையாக இருக்கட்டும். கொதி வந்த தண்ணீரைப் பாதிக்கு மேல் ஊற்றி, மூடி, மேலே ஒரு துணி போடுங்கள். இரண்டு நிமிஷம் கழித்து மீதியை ஊற்றுங்கள். மொத்தம் ஐந்தாறு நிமிஷம். இந்த இடத்தில் என் மாமியார் ஒரு காரியம் செய்வார். டீபாட்டிலிருந்து ஒரு கோப்பை ஊற்றி, அதை அப்படியே திரும்ப டீபாட்டுக்குள் கொட்டுவார். இதற்குச் சாய்க்குக் கல்யாணம் செய்து வைப்பது என்று பேர். அடியில் நிற்கிற சாறும் மேலே நிற்கிற சாறும் கலந்துவிடும். முதலில் நம்பாமல் இருந்தேன், செய்து பார்த்தால் நிறத்திலேயே வித்தியாசம் தெரிகிறது.

அடுப்பில் வைத்து இலையைக் கொதிக்க விடாதீர்கள். நமக்கு அது கை தானாகச் செய்கிற வேலை, இங்கே அதை அடக்க வேண்டும். நேற்றைய ஸவார்க்காவையும் விருந்தாளிக்கு ஊற்றக் கூடாது. ஏழு பேருக்கு நடுவில் ஒருமுறை புதிதாகப் போட வேண்டியிருக்கும், இலையை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தண்ணீர். குழாய்த் தண்ணீர் கடினமாக இருந்தால் டீ மேல் எண்ணெய்ப் படலம் போல ஆடை கட்டும். வடிகட்டிய தண்ணீரே வையுங்கள்.

மற்றதெல்லாம் அடுத்த பதிவில். இப்போது பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைக் கூட்டிவரப் போக வேண்டும்.

குர்ஸ்க்_மருத்துவர் எழுதியது:

குர்ஸ்க் நகரத்தில் ஆறு வருஷம் மருத்துவம் படித்தவன். இப்போது திருச்சியில் இருக்கிறேன். இந்தத் தலைப்பைப் பார்த்ததும் விடுதி அடுக்களை கண்முன் வந்துவிட்டது.

கயல் சகோதரி, வாசலிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நான் வாசலில்தான் முதலில் சறுக்கினேன். வருபவர்கள் செருப்பைக் கழற்றுவார்கள், அது நமக்கும் வழக்கம். ஆனால் அவர்கள் வெறுங்காலோடு உள்ளே வரமாட்டார்கள். வீட்டுக்காரர் ஆளுக்கொரு ஜோடி வீட்டுச் செருப்பு எடுத்துக் கொடுக்க வேண்டும், தாப்பச்கி என்பார்கள். ஐந்து ஜோடி வாங்கி வாசலில் வரிசையாக வைத்துவிடுங்கள். வாசற்படிக்கு இந்தப் பக்கம் நீங்களும் அந்தப் பக்கம் அவர்களும் நின்றுகொண்டு கை குலுக்கவோ பூவை வாங்கவோ கூடாது. உள்ளே வந்த பிறகுதான் எல்லாம். நம் வீட்டுப் பெரியவர்களும் வாசற்படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்பார்கள், அதனால் எனக்கு இது உடனே பிடிபட்டது.

பூ கொண்டுவருவார்கள். ஒற்றைப்படையில் இருக்கும், மூன்று, ஐந்து, ஏழு. நீங்கள் யார் வீட்டுக்காவது போனாலும் அப்படியே. இரட்டைப்படைப் பூ துக்க வீட்டுக்கு. நம் ஊரில் மொய்க்கு ஒரு ரூபாய் சேர்த்து வைப்போமே, அதுபோல மனதில் வைத்துக்கொண்டால் மறக்காது.

"சாய்க்கு ஏதாவது" கொண்டுவருவதும் வழக்கம். ஒரு கேக், ஒரு பெட்டி மிட்டாய், வீட்டில் செய்த வரேன்யே, அதாவது சர்க்கரைப் பாகில் போட்ட பழம். வாங்கி உள்ளே வைத்துவிடாதீர்கள். அப்போதே பிரித்து மேசையில் வைக்க வேண்டும்.

கண்ணாடி டம்ளருக்கு உலோகப் பிடி வைத்த தாங்கி ஒன்று உண்டு, பத்ஸ்தகான்னிக். ரயிலில் அதில்தான் தருவார்கள். குர்ஸ்கிலிருந்து மாஸ்கோவுக்கு ராத்திரி வண்டியில் போகும்போது பெட்டிக்குப் பொறுப்பான அம்மா இரண்டு கையிலும் நாலைந்து தாங்கிகளைக் கோத்துப் பிடித்தபடி ஆடுகிற நடைபாதையில் ஒரு சொட்டு சிந்தாமல் வருவார். பெட்டி முனையில் தித்தான் என்று ஒரு வெந்நீர்க் கொப்பரை எப்போதும் சூடாக இருக்கும், யாரும் எப்போதும் பிடித்துக்கொள்ளலாம். தாங்கியின் கனம்தான் டம்ளரைக் கவிழாமல் பிடிக்கிறது. சூட்டில் கையும் படாது. விளாதிமிர் வட்டாரத்தில் கல்சூகினோ என்ற ஊரில் நெடுங்காலமாக இவை செய்யப்படுகின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி எங்கோ பனியில் நிற்கும், கரண்டி டம்ளரில் மோதுகிற சத்தமும் நின்றுவிடும், கண்விழித்துக்கொள்வேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டு விருந்துக்குக் கோப்பையும் தட்டும் போதும். தாங்கி கிடைத்தால் கீழ்வீட்டு ஐயாவுக்குக் கொடுங்கள், சந்தோஷப்படுவார்.

கயல்_மாஸ்கோ எழுதியது:

அண்ணா, தாப்பச்கி விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. பாட்டி கொடுத்ததை நான் வேண்டாம் என்று சொல்லி வெறுங்காலோடு போனேன்! ரொம்ப நன்றி.

மல்லிகா அக்கா, அந்த ஜாம் விஷயம்? டீயில் போடுவதா, தனியாகச் சாப்பிடுவதா? இணையத்தில் தேடினால் "ரஷ்யன் டீ" என்று டீயில் ஜாம் கலந்ததைத்தான் காட்டுகிறார்கள்.

தூலா_மல்லிகா எழுதியது:

தனியாக. வெளிநாட்டில் யாரோ கலக்கப் போய் அதுவே ரஷ்ய வழக்கம் என்று பரவிவிட்டது. இங்கே ஆளுக்கொரு குட்டித் தட்டு வைப்பார்கள், ரொசேத்கா. பெரிய கிண்ணத்திலிருந்து அதில் இரண்டு கரண்டி வரேன்யே எடுத்துக்கொண்டு, நுனிக் கரண்டியில் கொஞ்சம் நாக்கில் வைத்து, மேலே சூடான டீயை ஒரு மிடறு. இனிப்பு வாயில், கசப்பு கோப்பையில். கலந்துவிட்டால் இரண்டும் கெட்டுவிடும். கலப்பவர்கள் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன், காய்ச்சல் சளிக்கு ராஸ்பெர்ரி வரேன்யேயைக் கலந்து குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். நீங்கள் கலந்ததில் பெரிய குற்றம் ஒன்றுமில்லை, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வரேன்யேயை ஜாம் என்று நினைக்காதீர்கள். பழம் முழுசாக நிற்க வேண்டும், பாகு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். ஜூலையில் கறுப்புத் திராட்சைவத்தல் நிறத்தில் ஸ்மரோதினா பழம் வரும். பழத்துக்குச் சமமாகச் சர்க்கரை கொட்டி ராத்திரி முழுக்க விட்டால் அதுவே சாறு விடும். காலையில் அகலமான பித்தளைப் பாத்திரத்தில் வைத்துக் கொதி வந்ததும் ஐந்தே நிமிஷம், இறக்கிவிட வேண்டும். பெயரே "ஐந்து நிமிஷம்". மேலே பொங்குகிற இளஞ்சிவப்பு நுரையைக் கரண்டியால் எடுத்துத் தட்டில் போடுவார்கள், அது வீட்டுக் குழந்தைகளின் சொத்து. என் மகன் அந்த நுரைக்காகவே அடுப்படியில் நிற்பான்.

மேசைக்கு வருவோம். ஏழு பேருக்கு நான் வைப்பது: தூலா பிரியானிக் என்ற தேன் பண்டம் இரண்டு (பெரிசு, துண்டு போட்டு), சூஷ்கி என்ற மொறுமொறு குட்டி வளைய ரொட்டி ஒரு கிண்ணம், இரண்டு வகை வரேன்யே, எலுமிச்சை வட்டமாக நறுக்கியது, கட்டிச் சர்க்கரை, உறையிட்ட மிட்டாய்கள் ஒரு குவியல், சூடாக ஒரு பண்டம். அந்தச் சூடான பண்டத்துக்கு ஷர்லோத்கா என்ற ஆப்பிள் கேக் செய்யுங்கள், இப்போது ஆப்பிள் காலம். நாலு முட்டையையும் ஒரு டம்ளர் சர்க்கரையையும் வெளுத்துப் பொங்குகிற வரை அடித்து, ஒரு டம்ளர் மைதாவை மெதுவாகக் கலந்து, புளிப்பு ஆப்பிள் நாலைந்து நறுக்கிப் போட்டு 180 டிகிரியில் நாற்பது நிமிஷம். கீழ்வீட்டுக்காரர்களுக்குப் பசி இருக்கும் என்று தோன்றினால் மாவுக்குள் முட்டைக்கோஸ் பூரணம் வைத்துச் சுட்ட பிரோக் ஒன்று. "சாய்" என்று கூப்பிட்டாலும் வயிறு நிறையத்தான் அனுப்புவார்கள்.

பிரியானிக் பற்றி எங்கள் ஊர்ப் பெருமையாக ஒரு வார்த்தை. தேன் கலந்த மாவை, தலைகீழாகச் செதுக்கிய மர அச்சில் அழுத்தி, நடுவில் வரேன்யே வைத்துச் சுட்டு, மேலே சர்க்கரைப் பாகு பூசுவார்கள். நம்ம ஊர்ச் சர்க்கரைப் பொம்மை அச்சைப் பார்த்தவர்களுக்கு அந்த மரப்பலகை அந்நியமாக இருக்காது.

ஹட்டன்_மகன் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் இலங்கையில ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில பிறந்தவன். அம்மா நாப்பது வருசம் கொழுந்து பறிச்சவ. அதால இலையைப் பத்தி நான் கதைக்கிறன்.

டஸ்ட் வாங்காதீங்க. நம்மட ஆக்கள் பாலில போட்டுக் காய்ச்சிறதுக்கு டஸ்டும் பி.ஓ.பி.எஃப் எண்ட பொடி இலையும் சரி, சட்டெண்டு சாயம் இறங்கும். ஆனா டீபாட்டில ஒரு மணித்தியாலம் நிக்கிற ஸவார்க்காவுக்கு அது ஆகாது, கசந்து கலங்கிப் போகும். ஓ.பி., ஓ.பி.ஒன், பெக்கோ எண்டு போட்ட முழு இலையா வாங்குங்க. மெல்ல விரியும், கடுப்பம் மெல்ல ஏறும். உண்மையைச் சொல்லணும், எங்கட திம்புள்ளை மலைத் தேயிலை வாசமா, லேசா இருக்கும். ரஷ்யாக்காரர் அதிகம் விரும்பி வாங்கிறது 600 மீட்டருக்குக் கீழ விளையிற ரத்னபுரி, காலிப் பக்கத்து இலை. கறுப்பு, தடிப்பு, சாயம் நல்லா இறங்கும். ரெண்டும் வாங்கிப் பாதிப் பாதி கலந்து போட்டுப் பாருங்க.

ரஷ்யா எங்கட தேயிலையைக் கனகாலமா வாங்கிற நாடு. 2017 டிசம்பர்ல ஒரு சரக்கில கப்ரா வண்டு இருந்ததெண்டு இலங்கைத் தேயிலையை அங்க நிப்பாட்டினாங்க. டிசம்பர் 18 இலிருந்து தடை எண்டு செய்தி வந்த அண்டைக்கு எங்கட லயத்தில, தோட்டத்து வரிசை வீடுகள்ல, எல்லாரும் வானொலிக்குப் பக்கத்தில நிண்டது எனக்கு நல்லா ஞாபகம். மாதம் முடியிறதுக்குள்ள தடையை எடுத்திட்டாங்க. மாஸ்கோவில ஒரு பாட்டி மேசையில வைக்கிற டீபாட்டுக்கும் எங்கட வீட்டு அடுப்புக்கும் அவ்வளவு கிட்டின சம்பந்தம்.

சீனி விசயம் ஒண்டு கேக்கணும். அங்க சீனிக்கட்டியைக் கடிச்சுக்கொண்டு டீ குடிப்பினம் எண்டு கேள்விப்பட்டன். மெய்யா? எங்கட அம்மா வேலைக்குப் போக முன்னம் சாயத்தண்ணியை வெறுமையா ஊத்தி, உள்ளங்கையில சீனி வச்சு நக்கிக் குடிப்பா. யாழ்ப்பாணத்தில பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு குடிப்பினம்.

தூலா_மல்லிகா எழுதியது:

மெய்தான் அண்ணா! அதற்கு இங்கே தனிப் பெயரே இருக்கிறது, விப்ரிகூஸ்கு. கடித்துக் குடிப்பது. டீயில் போட்டுக் கலக்கினால் வ்னக்லாத்கு. மூன்றாவதாக விப்ரிக்லியாத்கு என்று ஒரு சொல், சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே குடிப்பது, அதாவது வீட்டில் சர்க்கரை இல்லாத காலத்துச் சொல். முன்பெல்லாம் சர்க்கரை கூம்பு வடிவப் பாறையாக வரும், குறடு வைத்து உடைப்பார்கள். என் மாமியார் இப்போதும் கட்டியை முன்பல்லில் பிடித்துக்கொண்டுதான் குடிப்பார். ஒரு கட்டி மூன்று கோப்பைக்கு வரும். உங்கள் அம்மா செய்ததும் இவர் செய்வதும் ஒன்றேதான். இதைப் படித்துச் சொன்னேன், "அந்த அம்மாவுக்கு என் வணக்கம் சொல்" என்றார்.

பழைய_அலமாரி எழுதியது:

நல்ல இழை. எனக்கு ரஷ்யா போகும் வாய்ப்பு வாய்க்கவில்லை. மாஸ்கோவிலிருந்து தமிழில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தக நிலையம் வழியாக வந்த நூல்களில்தான் "சமோவார்" என்ற சொல்லைப் பன்னிரண்டு வயதில் முதலில் பார்த்தேன். என்னவென்று தெரியாமலே பக்கத்துக்குப் பக்கம் அதைக் கடந்து போனேன். அதனால் பிற்பாடு தேடிப் படித்தேன்.

ரஷ்யாவுக்குத் தேயிலை கடல் வழியாக வரவில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. 1638இல் மங்கோலிய அல்தான் கான், ரஷ்ய மன்னர் ஜார் மிகயீல் ஃபியோதரவிச்சுக்குத் தூதர் மூலம் நாலு பூத் (பழைய ரஷ்ய எடை) தேயிலை அனுப்பினார். நம் கணக்கில் 65 கிலோ. சீனாவோடு 1689இல் நெர்ச்சின்ஸ்க் உடன்படிக்கை, 1727இல் கியாக்தா உடன்படிக்கை. பைக்கால் ஏரிக்குத் தெற்கே எல்லையில் இருந்த கியாக்தாதான் அதன்பின் தேயிலைச் சந்தை. ரஷ்யர்கள் மென்மயிர்த் தோல் கொடுப்பார்கள், சீனர்கள் தேயிலை கொடுப்பார்கள். ஒட்டகத்தில் கோபிப் பாலைவனம் கடந்து வந்து, சைபீரியாவில் சறுக்குவண்டி ஏறி, மாஸ்கோ சேர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். அவ்வளவு தூரம் வந்த இலையை யார் வீணாக்குவார்கள்? 1862இல் கடல்வழி இறக்குமதிக்கு அனுமதி, 1869இல் சூயஸ் கால்வாய், பிறகு சைபீரிய ரயில் பாதை என்று வந்ததும் ஒட்டக வழி ஓய்ந்தது, தேயிலையும் ஏழை வீட்டுக்கு வந்தது.

சொல்லையே பாருங்கள். நிலவழியில் போன இடமெல்லாம் சீனத்து "சா" போயிற்று, ரஷ்யருக்குச் "சாய்". தென்சீனத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இடமெல்லாம் "தே" போயிற்று, நமக்குத் "தேயிலை".

சமோவார் என்றால் தானே கொதிப்பது. தூலாவில் லிசீத்சின் சகோதரர்கள், இவானும் நஸாரும், 1778இல் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே யூரல் மலைப்பக்கம் செய்திருக்கிறார்கள். ஆனால் தூலா துப்பாக்கி செய்கிற ஊர், உலோக வேலை தெரிந்த கைகள் நிறைய. அதனால் சமோவார் என்றாலே தூலா என்றாகிவிட்டது. "தூலாவுக்குச் சொந்தச் சமோவாரோடு போகாதே" என்று பழமொழி. நம் கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான்.

ஈரோடு_பாய்லர் எழுதியது:

வணக்கமுங்க. எங்க அப்பா ஈரோட்டுல முப்பது வருசம் டீக்கடை வெச்சிருந்தாருங்க. சமோவார் படம் பார்த்தேன். அது எங்க கடை பாய்லரேதானுங்க! நடுவுல குழாய், அதுல கரித்தணல், சுத்தித் தண்ணி, கீழ திருகுக்குழாய். மேல பால் சட்டி இருக்கற எடத்துல அவங்க டீபாட் வெச்சிருக்காங்க, அவ்வளவுதானுங்க. கேரளாவுல அதைச் சமாவர்னே சொல்றாங்க.

கயல் தங்கச்சி, கெடைச்சா கரி சமோவாரே வாங்கிப் போடுங்க. கரெண்டு கெட்டில்ல கொதிச்ச தண்ணிக்கும் தணல்ல கொதிச்ச தண்ணிக்கும் ருசி வேறதானுங்க.

தூலா_மல்லிகா எழுதியது:

அண்ணா, பாய்லர் என்று நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கயல் இருப்பது அடுக்குமாடி வீடு. ஜன்னலைச் சாத்திய அறைக்குள் கரித்தணல் வைத்தால் அதிலிருந்து வரும் விஷவாயு (கார்பன் மோனாக்சைடு) மூச்சை அடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, மணமும் வராது, தலை சுற்றுவதற்குள் ஆள் சாய்ந்துவிடுவார். ரஷ்யக் கிராமங்களில் இதற்கு ஊகார் என்று பெயர், எத்தனையோ பேர் இதில் இறந்திருக்கிறார்கள். அந்தக் காலத்து மர வீடுகளில் சமோவாரின் புகைக்குழாயை அடுப்புப் புகைபோக்கியில் சொருகித்தான் வைப்பார்கள். கயல், எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே கரி வேண்டாம். மின்சாரச் சமோவார் இரவல் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் நல்ல கெட்டில் போதும். ஸவார்க்கா சரியாக இருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கரிச் சமோவார் எங்கள் தாச்சாவில், அதாவது ஊருக்கு வெளியே இருக்கும் தோட்ட வீட்டில், முற்றத்தில் வைப்போம். முதலில் தண்ணீர், பிறகுதான் நெருப்பு. இதை மாமனார் எனக்கு மூன்று தடவை சொன்னார். தண்ணீர் இல்லாமல் தணல் போட்டால் குழாயைப் பற்றவைத்த ஈயம் உருகி, சமோவாரே கழன்றுவிடும். தண்ணீரை நிரப்பி மூடி, நடுக்குழாயில் மெல்லிய சிராய்களைக் கொளுத்திப் போட்டு, மேலே உலர்ந்த பைன் காய்கள். வளைந்த தகரக் குழாயை மேலே மாட்டினால் காற்று இழுக்கும். இழுக்கவில்லை என்றால் பழைய பூட்ஸ் ஒன்றை எடுத்து, அதன் கழுத்தைக் குழாய்வாயில் கவிழ்த்து, துருத்தி போல அமுக்குவார் மாமனார். அதற்கென்றே ஒற்றைப் பூட்ஸ் ஒன்று கொட்டகையில் தொங்குகிறது.

பத்து நிமிஷத்தில் மெல்லிசாகப் பாட ஆரம்பிக்கும். கொசு மாதிரி ஒரு சத்தம். அப்புறம் மழை பெய்வது போல இரைச்சல். அடுத்தது தளதளவென்று கொதி. இரைச்சல் முடிந்து தளதளப்பு தொடங்குகிற அந்த இடத்தில்தான் ஸவார்க்காவுக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். பிறகு தகரக்குழாயை எடுத்துவிட்டு, உச்சியில் கிரீடம் மாதிரி இருக்கும் வளையத்தில் டீபாட்டை உட்கார வைப்போம். உள்ளே தணல் அடங்கினாலும் பித்தளை சூட்டை விடாது. செப்டம்பர் சாயங்காலம், கம்பளி போர்த்திக்கொண்டு அதைச் சுற்றி உட்கார்ந்தால் யாருக்கும் எழுந்து போக மனம் வராது.

குன்னூர்_இலை எழுதியது:

சோவியத் காலத்து ஆட்களிடம் "யானை டீ" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். மஞ்சள் பெட்டி, மேலே யானை. அங்கேயே பொட்டலம் கட்டியது, நம் இந்திய இலையோடு ஜார்ஜிய இலையும் கலந்திருக்கும். கிடைப்பது அரிது என்பதால் விருந்தாளி வந்தால் மட்டும் எடுப்பார்களாம்.

எங்கள் நீலகிரி இலையும் சோவியத் நாட்டுக்கு ஏராளமாகப் போயிற்று. 1991இல் அந்த நாடு பிரிந்ததும் அந்தச் சந்தை சரிந்தது, குன்னூர் ஏலத்தில் அதன் அடி எப்படி விழுந்தது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேசுவார்கள். கயல், பாட்டி வயதுக்கு அந்த மஞ்சள் பெட்டி நிச்சயம் நினைவிருக்கும். கேளுங்கள்.

பழைய_அலமாரி எழுதியது:

தட்டில் ஊற்றிக் குடிப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே? ரஷ்ய ஓவியர் குஸ்தோதியெவ் 1918இல் வரைந்த வணிகர் மனைவியின் தேநீர் ஓவியத்தில் அந்த அம்மாள் ஐந்து விரலையும் விரித்துச் சாசரைத் தாங்கியிருப்பார். அதற்கு முன் 1862இல் பெரோவ் வரைந்தது, மாஸ்கோவுக்குப் பக்கத்து மித்தீஷியில் தேநீர். பருத்த துறவி சாசரில் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார், எதிரே பதக்கம் அணிந்த ஊனமுற்ற முதிய சிப்பாய் கை நீட்டுகிறார், வேலைக்காரப் பெண் அவரைத் தள்ளிவிடுகிறாள். அந்த ஓவியத்தை நான் சீக்கிரம் கடந்து போக முடிந்ததில்லை. மித்தீஷி ஊற்றுத் தண்ணீருக்குப் பேர்போன இடம், மாஸ்கோவுக்கு முதல் குடிநீர்க் கால்வாய் அங்கிருந்துதான் 1804இல் வந்தது. யாத்திரை போகிறவர்கள் அங்கே இறங்கித் தேநீர் குடிப்பார்கள்.

நாம் டபராவில் ஆற்றுகிற மாதிரிதானே, இதை விருந்தில் செய்யலாமா?

தூலா_மல்லிகா எழுதியது:

இப்போது நகரத்து மேசையில் யாரும் செய்வதில்லை ஐயா. வீட்டோடு வீடாக இருக்கும்போது பெரியவர்கள் செய்வார்கள். விருந்தாளி தானாகச் செய்தால் நாமும் கூடச் செய்யலாம், முந்திக்கொண்டு செய்ய வேண்டாம்.

கயல், எப்போது எழுந்திருப்பார்கள் என்று கேட்டிருந்தீர்கள். முன்காலத்தில் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து வைத்தால் போதும் என்று அர்த்தம். இப்போது வாயால் சொல்லிவிடுவார்கள். வீட்டுக்காரி செய்யக் கூடாதது ஒன்றுதான், மேசையை ஒழிக்கத் தொடங்குவது. தட்டைத் தூக்கினால் கிளம்பச் சொன்னதாக ஆகும். எச்சில் தட்டு கிடந்தால் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். கோப்பை காலியானால் "இன்னும் ஊற்றட்டுமா" என்று கேளுங்கள், அதுதான் உங்கள் ஒரே வேலை. எழுந்து நின்ற பிறகும் வாசலில் இன்னொரு கால் மணி நேரப் பேச்சு நடக்கும், அதற்கும் நின்று கொடுங்கள்.

கயல்_மாஸ்கோ எழுதியது:

விருந்து நேற்று முடிந்தது. எல்லோருக்கும் மனமார நன்றி சொல்கிறேன்.

ஐந்து ஜோடி தாப்பச்கி வரிசையாக இருந்ததைப் பார்த்ததும் பாட்டியின் மகள் என் தோளைத் தொட்டார். ஏழு பூ, மஞ்சள் நிறம், உள்ளே வந்த பிறகுதான் கொடுத்தார்கள். ஹட்டன் அண்ணன் சொன்னபடி இரண்டு இலையும் கலந்தேன். ஸவார்க்காவை ஒரு கோப்பை ஊற்றித் திரும்ப டீபாட்டில் கொட்டியதைக் கீழ்வீட்டு ஐயா பார்த்துவிட்டு, "இதை என் அம்மா செய்வாள்" என்றார். அதற்கப்புறம் அவர் பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை, என் கணவர் மொழிபெயர்த்தார். அவர் அம்மா ரயில் பெட்டியில் டீ கொடுத்தவராம். பத்ஸ்தகான்னிக் ஒன்று பழைய பொருள் சந்தையில் வாங்கி வைத்திருந்தேன், மருத்துவர் அண்ணன் சொன்னதற்காக. அதை அவர் முன் வைத்தபோது கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஷர்லோத்கா நடுவில் கொஞ்சம் அமுங்கியது, ஆனாலும் மிச்சமில்லை. காரமில்லாமல் செய்த தேங்குழல் முதலில் தீர்ந்தது. யானை டீ பற்றிக் கேட்டேன். பாட்டி காலிப் பெட்டிகளில் பொத்தான் போட்டு வைத்திருந்ததாகச் சொன்னார். நாலு மணிக்கு வந்தவர்கள் எட்டேகாலுக்குக் கிளம்பினார்கள். நான் ஒரு தட்டைக்கூடத் தூக்கவில்லை, அக்கா.

ஒரு சந்தேகம் மட்டும். பாட்டி ஒரு ஜாடி ஆப்பிள் வரேன்யே கொண்டுவந்தார். அது மேசையிலேயே தீர்ந்துவிட்டது. ஜாடியைக் கழுவித் திருப்பிக் கொடுக்கட்டுமா?

தூலா_மல்லிகா எழுதியது:

வெறும் ஜாடியாகக் கொடுக்காதீர்கள்! இங்கேயும் பாத்திரத்தைக் காலியாகத் திருப்புவது ஆகாது. ஏதாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

ஈரோடு_பாய்லர் எழுதியது:

நம்மூர்லயும் அப்படித்தானுங்களே. சீடை போட்டுக் குடுங்க தங்கச்சி, வெல்லச் சீடை. டீயோட கடிச்சுக்க நல்லா இருக்கும்.

கயல்_மாஸ்கோ எழுதியது:

அண்ணா, பச்சரிசி ஊறப் போட்டுவிட்டேன்.